பெயரைக் கேட்காத சட்டமும் உள்ளிருந்து பூட்டிய கதவும்

மூடிக் கிடக்கும் கட்டடத்துக்குள் புகுந்து உட்காருபவர்கள் முதலில் இரண்டு வேலைகளைச் செய்வார்கள். கதவின் பூட்டை மாற்றுவார்கள். பிறகு அதே கதவின் வெளிப்பக்கம் ஒரு தாளை ஒட்டுவார்கள். இங்கிலாந்தில் அந்தத் தாளுக்குப் ‘பிரிவு 6 அறிவிப்பு’ என்று பெயர். 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவைக் காட்டி, ‘சட்டப்படியான எச்சரிக்கை’ என்று தொடங்கும். நாங்கள் இங்கே இருக்கிறோம். எந்நேரமும் எங்களில் ஒருவராவது உள்ளே இருப்பார். எங்கள் சம்மதம் இல்லாமல் பலவந்தமாகவோ மிரட்டியோ நுழைய முயன்றால் அது குற்றம். 6 மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு; 2015 வரை அந்த அபராதத்தின் உச்சம் 5,000 பவுண்டு. கட்டடத்தின் சொந்தக்காரரே வந்தாலும் கதவை உடைக்க முடியாது. நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரின் செல்ட்டனம் சாலையில் மூடிக் கிடந்த ‘ஜெஸ்டர்ஸ்’ என்ற நகைச்சுவை அரங்குக்குள் சிலர் புகுந்தார்கள். அங்கே பிரிட்டனின் மிகப் பெரிய மளிகைக் கடை நிறுவனமான டெஸ்கோவின் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சிறிய வகைக் கடை வரப்போகிறது என்று தெரிந்ததும், அதைத் தடுக்கத்தான் போனார்கள். சில வாரங்களே அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. மார்ச் மாதம் நீதிமன்ற அமீனாக்கள் வந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கடை திறந்தது. திறந்த ஒரு வாரத்துக்குள் அந்தத் தெருவில் கலவரம் வெடித்தது. உலகம் பார்த்தது அந்தக் கலவரத்தைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு ஓராண்டு முந்தைய கேள்வி: மனுக்கள், கூட்டங்கள், தேர்தல்கள் எல்லாம் உள்ள ஒரு நாட்டில், ஒரு மளிகைக் கடையைத் தடுக்க மக்கள் காலிக் கட்டடத்துக்குள் போய்த் தரையில் படுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது?

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பிரிஸ்டல் நகர மையத்திலிருந்து வடக்கே போகும் சாலையின் ஒரு துண்டுக்கு ஸ்டோக்ஸ் கிராஃப்ட் என்று பெயர். அது அப்படியே செல்ட்டனம் சாலையாகி, பிறகு குளோஸ்டர் சாலையாகிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு அந்தப் பகுதியைக் குதறிப்போட்டது. போருக்குப் பிறகு சாலை விரிவாக்கத் திட்டங்கள் பலவற்றைப் பேசிப் பேசியே அதை அரைகுறையாக விட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகளாக இடிந்த சுவர்களும் பலகை அடித்த ஜன்னல்களும்தான் அதன் அடையாளம். வாடகை மலிவு என்பதால் ஓவியர்கள் வந்தார்கள், சிறு கடைக்காரர்கள் வந்தார்கள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களும் வந்தார்கள். 1999-இல் அங்கே ஒரு சுவரில், தன் அடையாளத்தை வெளிக்காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸி வரைந்த ஓவியம் இருக்கிறது: கலவரத் தடுப்புப் போலீஸார் மூவரை நோக்கி ஒரு கரடிப் பொம்மை பெட்ரோல் குண்டை ஓங்கிக்கொண்டு நிற்கும். 2007-இல் ‘ஸ்டோக்ஸ் கிராஃப்ட் மக்கள் குடியரசு’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழு சுவர்களுக்கு வண்ணம் பூசவும், கேட்பாரற்ற மூலைகளைச் சீர்செய்யவும் தொடங்கியது. அரசாங்கம் கைவிட்ட தெருவை அங்கே இருப்பவர்கள் தாங்களே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. டெஸ்கோ வந்தது அந்த நேரத்தில்.

டெஸ்கோ போன்ற பெரிய நிறுவனத்துக்கு இவ்வளவு சின்ன இடம் எதற்கு என்று தோன்றலாம். காரணம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஞாயிறு வணிகச் சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை 6 மணி நேரம்தான் திறந்திருக்கலாம். அதாவது ஏறத்தாழ 3,000 சதுர அடி. அதற்குக் கீழே இருந்தால் நேரக் கட்டுப்பாடே கிடையாது. ஊருக்கு வெளியே பெரிய பெரிய கடைகள் கட்டுவதற்கும் 1990-களில் இருந்தே கெடுபிடி கூடியது. எனவே நிறுவனங்கள் ஊருக்குள் திரும்பின. அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது என்பதுதான் புதிய கணக்கு. 2002-இல் டி அண்ட் எஸ் ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியதன் வழியாக ஒரே வீச்சில் 860-க்கும் அதிகமான தெருமுனைக் கடைகள் டெஸ்கோ கைக்கு வந்தன. ஸ்டோக்ஸ் கிராஃப்ட் விவகாரம் நடந்தபோது பிரிட்டன் மளிகைச் சந்தையில் சுமார் 30 சதவீதம் அந்த ஒரு நிறுவனத்திடம் இருந்தது.

இந்தக் கணக்குக்கு மூடிக் கிடக்கும் அரங்குகள், ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் ‘பப்’ என்ற மதுக்கடைகள், பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தின. சாலையோரம் இருக்கும், அளவு சரியாக இருக்கும், சொந்தக்காரருக்கோ எப்படியாவது வாடகைக்கு விட வேண்டும் என்ற அவசரம். 2008 ஏப்ரலுக்குப் பிறகு காலியாகக் கிடக்கும் கடைக் கட்டடத்துக்கு முதல் 3 மாதச் சலுகை முடிந்ததும் முழு வணிகச் சொத்து வரி கட்டியாக வேண்டும் என்று ஆனது. மாதாமாதம் வரி எகிறும் கட்டடத்தின் உரிமையாளரிடம், நீண்ட காலக் குத்தகையோடு நாட்டின் மிகப் பெரிய கடை நிறுவனம் வந்து நின்றால் அவர் யோசிக்க என்ன இருக்கிறது? வாடகை தவறாது. தெருக்காரர்கள் விரும்பிய சமூகக் கூடமோ கூட்டுறவுக் கடையோ அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க முடியாது.

இனித்தான் சிக்கலின் கரு. பிரிட்டனில் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற, நம் ஊர் நகராட்சியைப் போன்ற உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். மன்றம் எதைப் பார்க்கும்? கடையா, அலுவலகமா, அரங்கா, வீடா என்று பயன்பாட்டின் வகையைப் பார்க்கும். போக்குவரத்து, இரைச்சல், கட்டடத்தின் தோற்றம் ஆகியவற்றைப் பார்க்கும். அந்தக் கடையை யார் நடத்தப்போகிறார்கள் என்பதைப் பார்க்காது. எதிர்க்கடைக்காரரின் பிழைப்பு போய்விடும் என்பதையும் போட்டியின் விளைவு என்று ஒதுக்கிவிடும். ஒரு குடும்பம் நடத்தும் காய்கறிக் கடையும் ஆயிரக்கணக்கான கிளைகள் உள்ள நிறுவனத்தின் கடையும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை: கடை.

ஜெஸ்டர்ஸ் கட்டடத்தைக் கடையாக மாற்ற 2009-இல் அனுமதி கிடைத்தது. விண்ணப்பத்தில் டெஸ்கோவின் பெயரே இல்லை என்பது எதிர்ப்பாளர்களின் முதல் புகார். சட்டப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விஷயம் தெருவுக்குத் தெரிந்தபோது அந்த முக்கியமான அனுமதி கொடுத்து முடிந்திருந்தது. மிச்சம் இருந்தவை முகப்பும் பெயர்ப்பலகையும் போன்ற சில்லறை அனுமதிகள். அவற்றின்மேல்தான் மக்கள் தங்கள் முழு எதிர்ப்பையும் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கில் தபால் அட்டைகள் மன்றத்துக்குப் போயின. ‘இந்தக் கடை எங்கள் தெருவைக் கொன்றுவிடும்’ என்று எழுதி அனுப்பியவருக்குக் கிடைத்த பதில், ‘முகப்புக் கண்ணாடியின் வடிவமைப்பு பற்றி ஏதாவது சொல்ல இருக்கிறதா?’ என்பதற்குச் சமம். 2010 டிசம்பரில் மன்றக் குழு முகப்புக்கும் அனுமதி கொடுத்தது.

கேம்பிரிட்ஜில் மில் ரோடு என்ற தெருவில் இதைவிடக் கறாராக அந்த முட்டுச்சந்து தெரிந்தது. அங்கும் தனிக் கடைகள் நிறைந்த தெரு. அங்கும் 2007-இலிருந்தே டெஸ்கோவுக்கு எதிராக இயக்கம், மனுக்கள். சரக்கு லாரிகள் சாலையில் நின்றால் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஆபத்து என்ற வாதம் எடுபட்டு, கட்டடத்தை விரிவாக்க டெஸ்கோ கேட்டது கிடைக்காமல் போனது. மக்கள் வென்றார்கள் என்றே தோன்றியது. ஆனால், அது முன்பே ஒரு கடையாக இருந்த கட்டடம். கடை போய்க் கடை வருவதற்குப் பயன்பாட்டு அனுமதியே தேவையில்லை. அங்கேயும் காலிக் கட்டடத்துக்குள் ஒரு குழு புகுந்து சமூகக் கூடம் நடத்தியது. விரிவாக்கம் இல்லாமலே, இருந்த அளவில், 2009 ஆகஸ்டில் டெஸ்கோ கதவைத் திறந்தது.

இந்த ஓட்டையை அரசு அறியாமல் இல்லை. போட்டி ஆணையம் 2008-இல் மளிகைச் சந்தையை விசாரித்து முடித்தபோது, பெரிய மளிகைக் கடைகளுக்குத் திட்ட அனுமதி கொடுக்கும் முன், அந்த வட்டாரத்தில் ஒரே நிறுவனம் கோலோச்சுமா என்று பார்க்கும் ‘போட்டிச் சோதனை’ வேண்டும் என்று பரிந்துரைத்தது. டெஸ்கோ அதை எதிர்த்துத் தீர்ப்பாயம் சென்று 2009-இல் வென்றது. ஆணையம் அதே ஆண்டு திருத்திய காரணங்களோடு மறுபடியும் அதே பரிந்துரையைச் செய்தது. எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. அந்தச் சோதனை வந்திருந்தாலும் ஒரு சின்ன எக்ஸ்பிரஸ் கடையைத் தொட்டிருக்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் ‘யார்’ என்று கேட்கும் ஒரு கேள்வியாவது சட்டத்துக்குள் நுழைந்திருக்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கட்டடத்துக்குள் போய் உட்காருவதற்குச் சட்டத்தில் ஒரு சிறு இடம் இருந்தது. மக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். என் பார்வையில் மொத்த விவகாரத்தின் சாரமும் இதுதான்.

அந்தச் சிறு இடம் எப்படிப்பட்டது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். பூட்டை உடைத்து நுழைந்தால் சேதம் விளைவித்த குற்றம் ஆகிவிடும். எனவே திறந்து கிடக்கும் ஜன்னலோ பின்கதவோதான் வழி. மின்சாரத்தைச் சொல்லாமல் எடுத்தால் திருட்டு. மின் நிறுவனத்தில் பெயரைப் பதிந்து கட்டணம் கட்டுவதாக ஏற்க வேண்டும். பிரிவு 6 காப்பாற்ற வேண்டும் என்றால் உள்ளே எப்போதும் ஆள் இருந்தாக வேண்டும். அதற்காக ஒரு முறைப் பட்டியல் போடுவார்கள்: இன்றிரவு யார், நாளைக் காலை யார், வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு வந்து மாற்றிவிடுவார். இந்தப் பட்டியல்தான் ஓர் ஆக்கிரமிப்பின் உயிர். அது ஒரு நாள் காலியானால் உரிமையாளர் ஆள் வைத்துப் பூட்டை மாற்றிவிடுவார், கதை முடிந்தது.

அதற்குள் நீதிமன்றத்தில் வழக்கு ஓடும். எதிர்வாதி பெயர் தெரியாததால் ‘பெயரறியா நபர்கள்’ என்று போட்டு வழக்குத் தாள்கள் வரும். வழக்கமான வழியில் போனால் சில வாரங்கள் ஆகும். இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டால் கையில் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும், மீறினால் கைது. எப்படிப் பார்த்தாலும் வாரக்கணக்குதான். அந்த வாரங்களில் கதவு தெருவுக்குத் திறந்திருக்கும். கூட்டம், தேநீர், குழந்தைகளோடு வருகிறவர்கள், எதிர்ப்பைப் பற்றிக் கேள்வி மட்டும் பட்டவர்கள். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர் போட்டுவிட்டு நடந்துவிடுவார். கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தவர், ‘இந்த இடத்தில் வேறு என்னவெல்லாம் செய்யலாம்?’ என்று சுவரைப் பார்த்து யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஆக்கிரமிப்பு சம்பாதித்துக் கொடுப்பது கட்டடத்தை இல்லை, இந்த யோசனையைத்தான். தோற்கப்போவது தெரிந்தே இதைச் செய்கிறவர்களை வெறும் அடாவடிக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பிரிட்டனுக்கு இது புதிதும் இல்லை. 1946-இல் போர் முடிந்து வீடில்லாமல் தவித்த குடும்பங்கள் காலியான ராணுவ முகாம்களுக்குள் புகுந்தன. அந்த அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,000-க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள். பல இடங்களில் அரசு பணிந்து, அவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து வாடகை வாங்கிக்கொண்டது.

ஸ்டோக்ஸ் கிராஃப்டில் யாரும் பணியவில்லை. 2011 ஏப்ரல் 15-இல் கடை திறந்தது. எதிரே ‘டெலிபதிக் ஹைட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட, சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த கட்டடம். அதிலும் இப்படிக் குடியேறியவர்கள்தான் இருந்தார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை இரவு. டெஸ்கோவைத் தாக்க அங்கே பெட்ரோல் குண்டுகள் தயாராகின்றன என்று தகவல் வந்ததாகச் சொல்லி, 160-க்கும் மேற்பட்ட போலீஸார் அந்தத் தெருவில் இறங்கினார்கள். விடுமுறை இரவு, வெளியே கூட்டம், சாலை அடைப்பு. விடியும்வரை கல்லும் கண்ணாடியும் பறந்தன. கடையை அடித்து நொறுக்கினார்கள். போலீஸாரும் பொதுமக்களும் காயப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோதல். ஓராண்டாக அமைதியாகப் போராடிய இயக்கம் வன்முறைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று சொன்னது. ஆனால், நாளிதழ்களில் அந்த ஓராண்டு ஒரு வரியாகச் சுருங்கியது, அந்த ஓர் இரவு பக்கம் பக்கமாக விரிந்தது. கைதானவர்களின் வழக்குச் செலவுக்காகப் பேங்க்ஸி ஒரு சுவரொட்டி வரைந்து கொடுத்தார். டெஸ்கோவின் மலிவு விலைச் சின்னம் ஒட்டிய பெட்ரோல் குண்டு; விலை 5 பவுண்டு. மே மாதம் கடை மீண்டும் திறந்தது.

எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்று எழுதுகிறேன் என்றாலும், அவர்கள் எளிதில் தாண்டிப்போன ஒரு கேள்வியை நான் தாண்ட முடியாது. விலை. அந்தப் பகுதியில் ஏழைகள் அதிகம். பாலும் ரொட்டியும் இரவு 10 மணிக்கும் கிடைத்தால் நல்லது என்று நினைத்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை என்பதால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால், சின்ன எக்ஸ்பிரஸ் கடைகளில் விலை எப்போதும் பெரிய கடைகளின் அளவுக்கு மலிவாக இருப்பதில்லை. நிறுவனங்களே கடை வகைக்கு ஏற்ப விலையை மாற்றுவதை ஒப்புக்கொள்கின்றன. மலிவு என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. இன்னொன்று, தனிக் கடைக்காரர் வாங்கும் சரக்கும் கணக்கு எழுதுகிறவருக்குக் கொடுக்கும் கூலியும் அதே நகரத்துக்குள் சுற்றும். பெருநிறுவனத்தில் சரக்கு மையக் கிடங்கிலிருந்து வருகிறது, லாபம் தலைமையகத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே ‘கடை’ என்று சட்டம் எழுதுவது அந்தத் தெருவில் வாழ்கிறவருக்குப் புரியாததில் வியப்பில்லை.

பிறகு சட்டம் மாறியது, முதலில் எதிர்த்திசையில். 2012 செப்டம்பர் 1 முதல் குடியிருப்புக் கட்டடத்துக்குள் இப்படிப் புகுந்து வாழ்வது குற்றமாக்கப்பட்டது. கடை, அரங்கு, நூலகம் போன்றவை அதில் சேரவில்லை. நான்கே நாளில், செப்டம்பர் 5-இல், வட லண்டனில் மன்றம் இழுத்து மூடியிருந்த ஃப்ரையர்ன் பார்னெட் நூலகத்துக்குள் சிலர் நுழைந்தார்கள். அக்கம்பக்கத்தார் சண்டை போட வரவில்லை. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அலமாரிகள் ஆயிரக்கணக்கான புத்தகங்களால் நிரம்பின, நூலகம் ஓடத் தொடங்கியது. டிசம்பரில் நீதிமன்றம் கட்டடத்தை மன்றத்துக்கே கொடுத்தது. ஆனால், 2013 பிப்ரவரியில் புகுந்தவர்கள் சாவியை ஒப்படைத்தபோது, மன்றம் அந்த நூலகத்தை உள்ளூர்வாசிகளே நடத்த விட்டது. பிரிஸ்டலில் தோற்றது ஏன் இங்கே வென்றது? இங்கே உரிமையாளர் மக்கள் ஓட்டுக்குக் கட்டுப்பட்ட மன்றம். அங்கே உரிமையாளர் தனியார், வாடகைக்கு வந்தது பெருநிறுவனம். இருவரும் யாருடைய ஓட்டுக்கும் பயப்படத் தேவையில்லை.

மக்களுக்குச் சாதகமான மாற்றமும் கொஞ்சம் வந்தது. 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், ஒரு கட்டடத்தைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதிவுசெய்ய வழிசெய்தது. பதிவான சொத்தை விற்கும்போது, உள்ளூர்க் குழு பணம் திரட்ட 6 மாதம் வரை அவகாசம் கேட்கலாம். ஆனால், உரிமையாளர் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மதுக்கடைகளின் கதை இதைவிட நல்லபடி முடிந்தது. ஒரு மதுக்கடையை எந்த அனுமதியும் இல்லாமல் சூப்பர்மார்க்கெட்டாக மாற்றலாம் என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. ஊர்க்காரர்கள் தொடர்ந்து போராடி, 2017 மே மாதம் முதல் இங்கிலாந்தில் அதற்கும் திட்ட அனுமதி கட்டாயம் என்று ஆக்கினார்கள்.

2015 ஜனவரியில் டெஸ்கோ தானாகவே பின்வாங்கியது. 43 கடைகளை மூடுவதாகவும், திட்டமிட்டிருந்த 49 பெரிய கடைகளைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. கேம்பிரிட்ஜ்ஷரில் சாட்டரிஸ் என்ற ஊரில் கட்டி முடித்த கடை ஒரு நாள்கூடத் திறக்காமல் நின்றது. காலிக் கட்டடங்களைத் தேடி வந்த நிறுவனம் புதிய காலிக் கட்டடங்களை விட்டுச்சென்றது.

ஸ்டோக்ஸ் கிராஃப்ட் இன்னொரு வகையில் மாறியது. ஓவியமும் போராட்டமும் அந்தத் தெருவுக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்தன. அந்தப் பெயர் வாடகையை ஏற்றியது. ஓவியர்களும் சிறு தொழில் செய்வோரும் பத்தாண்டு இயங்கிய ஹாமில்டன் ஹவுஸ் என்ற பெரிய கட்டடம் 2018-இல் அதை நடத்திவந்த குழுவின் கையைவிட்டுப் போனது. வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்பின் மதிப்பு சொந்தக்காரருக்கே சேரும் என்பதை அப்போது பலரும் நேரில் கண்டார்கள். அதன் பிறகு ஸ்டோக்ஸ் கிராஃப்ட் நில அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கி, பொதுமக்களிடம் பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, ஜமைக்கா தெருவில் ஒரு கட்டடத்தையே வாங்கினார்கள். அது யாருக்கு வாடகைக்குப் போக வேண்டும் என்பதில் பங்குதாரர்களுக்குப் பேச்சுரிமை உண்டு. எத்தனை பவுண்டு போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு.